சம்பந்திக்கு விதைநெல் கொடுத்தால் கேஸ் வருமா?

ஆவணி மாதம், சம்பா நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும் நேரம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருக்கும் மாமா ஒருவர் என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாப்பிள்ளை, போன வருடம் கம்பெனிப் பையில் வாங்கி விதைத்த நெல்லில் விதை எடுத்து வைத்திருக்கிறேன். சம்பந்திக்கு இரண்டு மூட்டை கொடுக்கலாமா? கேஸ் போடுவார்கள் என்கிறார்களே?" கள்ளச்சாராயம் விற்பவரைப் போல அக்கம்பக்கம் வேறு பார்த்தார்.

இந்தப் பயம்தான் முதல் தவறு. பயிர் ரகங்களுக்கும் விவசாயிகளின் உரிமைக்குமான 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு தெளிவாகவே பேசுகிறது. ஒரு கம்பெனி தனக்கே உரிமை என்று பதிவு செய்த ரகமாக இருந்தாலும், தன் வயலில் விளைந்ததை விவசாயி விதைக்கு எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பங்கிடலாம், விற்கவும் செய்யலாம். கூடாதது ஒன்றுதான்: இன்ன ரகம் என்று முத்திரையிட்ட பையில் அடைத்து விற்பது. தெரியாமல் மீறிய விவசாயிக்கு 42-ஆவது பிரிவு காப்பாக நிற்கிறது. (வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த போகம் ஒரே சீராக வராது. அதற்குச் சட்டத்தைத் திட்டிப் பயனில்லை.)

மாமாவின் பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததும் அல்ல. பெப்சிகோ பதிவு செய்து வைத்திருந்த எஃப்எல் 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று குஜராத் விவசாயிகள்மீது அந்தக் கம்பெனி தொடுத்த வழக்குகள் 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தன. சிலரிடம் ஆளுக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதும் வழக்குகள் வாபஸ் ஆயின. வழக்குப் போட ஒருவரிடம் பணம் இருப்பதாலேயே அவர் பக்கம் உரிமை இருப்பதாக ஊர் நம்பிவிடுகிறது.

இன்னொரு தவறு, படித்தவர்கள் செய்வது: அறிவுச் சொத்துச் சட்டத்துக்கு அறம் என்ற ஒன்றே தெரியாது என்பது. பொது ஒழுக்கத்துக்கும் உயிர்களுக்கும் கேடாகும் ரகத்தைப் பதிவு செய்ய முடியாது என்று மேலே சொன்ன சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. விளைந்த நெல் மறுபடி முளைக்காதபடி மலடாக்கும் தொழில்நுட்பத்துக்கும் அங்கே இடமில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு விதைக்கும் செடிக்கும் பாரம்பரிய அறிவுக்கும் காப்புரிமை கிடையாது என்று வேலி போட்டுவிட்டது.

ஆனால் அந்த வேலி நம் நாட்டு எல்லைவரைதான். புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. எங்கள் பாட்டிக்குத் தெரியும் என்று சொன்னால் போதவில்லை. பழைய நூல்களையும் கட்டுரைகளையும் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. பூங்கார் நெல்லை எந்தப் பட்டத்தில் விதைப்பது, காட்டுயானம் நெல் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதையெல்லாம் இன்னும் வாய்ப்பேச்சாகவே வைத்திருக்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதி வைப்பதில் என்ன சிரமமோ, எனக்குப் புரிவதில்லை.

பெயரையும் தொழிலையும் குழப்பிக்கொள்வது வேறு வகை. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்கு, ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு இருப்பதால், மெழுகில் உருவம் செய்து சிலை வார்க்கும் முறையை வேறு யாரும் செய்யக்கூடாது என்று பொருளல்ல. வேறு ஊரில் வார்த்துச் சுவாமிமலைச் சிலை என்று விற்கத்தான் கூடாது. தியாகராஜர் கீர்த்தனையை யாரும் பாடலாம். ஆனால் திருவையாற்றில் பாடகர் ஒருவர் நேற்றுப் பாடிய ஒலிப்பதிவு ஊர்ச்சொத்து அல்ல.

எனக்கு அதிகம் உறுத்துவது, சட்டம் தடுக்காததெல்லாம் சரி என்ற நினைப்பு. ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஆளுக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள்; அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வாக்குதான் பத்திரம். அந்த 2 கிலோவைப் பெருக்கி, அழகான பாக்கெட்டில் போட்டு, "எங்கள் கண்டுபிடிப்பு" என்று விற்றுவிட்டு 4 கிலோவை மறந்துபோனவரை எந்த வழக்கறிஞர் பிடிக்க முடியும்? மாமா சம்பந்திக்குக் கொடுப்பதைத் திருட்டு என்று நினைத்து நடுங்குகிற ஊரில், இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் மாமாவுக்கு முகம் தெளிந்தது. உள்ளே போனவர், கம்பெனியின் பச்சை எழுத்து மங்காத அந்தப் பழைய பைகளைத்தான் தட்டி உதறிக்கொண்டு வந்தார்.

"நல்ல பை மாப்பிள்ளை, ஒரு கிழிசல் இல்லை. இதிலேயே கட்டிவிடட்டுமா?"

கொல்லையில் கிடந்த சணல் சாக்கை எடுத்துவர எழுந்தேன்.