வீட்டுக் கணினியும் வஞ்சக இணையப் பக்கங்களும்: செய்ய வேண்டியவை

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளில் பல வீடுகளில் இருப்பது ஒரே கணினிதான். பிள்ளைகளின் பாடம், வில்லங்கச் சான்று, வளைகுடாவில் இருப்பவரின் வங்கிக் கணக்கு, இரவில் இலவசமாகக் கிடைக்கும் புது மலையாளப் படம் ஆகிய எல்லாமே அதில்தான் நடக்கின்றன. கடைசியாகச் சொன்ன படத் தளங்களில் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு புதுப் பக்கம் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறையாகப் புதுப்பிக்கப்பட்ட உலாவிக்குள் அப்படிப்பட்ட பக்கம் தானாகச் செய்யக்கூடிய கேடு மிகக் குறைவு; அது கேட்பதை நாமே எடுத்துக் கொடுக்கும்போதுதான் பெரும்பாலான சேதம் நேர்கிறது.

ஆகவே முதல் வேலை புதுப்பித்தல். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘உதவி’ வழியாக ‘கூகுள் குரோம் பற்றி’ என்ற பக்கத்துக்குச் சென்றால், அது தானே புதிய பதிப்பைத் தேடி இறக்கிக்கொள்ளும். ஆனால் உலாவியை மூடித் திறக்கும்வரை அது நடைமுறைக்கு வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காத அளவுக்குப் பழையது என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்வது நல்லது.

அடுத்து, அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை விண்டோஸ் அமைப்புகளில் உருவாக்கி, கடவுச்சொல்லோடு கூடிய நிர்வாகிக் கணக்கை வீட்டில் பொறுப்பானவரிடம் விட்டுவிடுங்கள். விளம்பரத் தடுப்புக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி போதும். குரோமில் அதன் லைட் பதிப்பு கிடைக்கிறது. ஃபைபர் ரவுட்டரில், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை 9.9.9.9 என மாற்றினால், தீயவை என ஏற்கெனவே அறியப்பட்ட தளங்கள் வீட்டு வைஃபையில் இணைந்த கைப்பேசிகளிலும் பெரும்பாலும் திறக்காது. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் இருக்கையில், காசு கொடுத்து வேறு வைரஸ் தடுப்பான் வாங்குவது பெரும்பாலான வீடுகளுக்கு வீண் செலவு என்பது என் கருத்து.

முகவரியை வாசிக்கப் பழகுவதுதான் இவற்றுள் கடினமானது. வில்லங்கச் சான்று என்று தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறையின் தளம் அந்த இடத்தில் ‘டிஎன்ரெஜிநெட்.கவ்.இன்’ என்று முடியும், ‘கவ்.இன்’ என்பதற்குப் பின்னும் புள்ளி வைத்து வேறு பெயர் நீண்டு, ‘காம்’ என்று முடிந்தால் அது அரசுத் தளமே இல்லை. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்ததால், அங்கும் இதே சோதனை உதவும். முகவரிக்கு அருகே சில உலாவிகள் காட்டும் பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம். மோசடித் தளமும் அதை எளிதில் பெற்றுவிடுகிறது.

‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் கேட்டால், அது உண்மையில் கேட்பது அறிவிப்பு அனுப்பும் உரிமையை. ஏற்கெனவே அழுத்தியிருந்தால், குரோம் அமைப்புகளின் ‘தள அமைப்புகள்’ பகுதியில் ‘அறிவிப்புகள்’ என்பதைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கிவிடலாம். இதைவிடக் கொடியது, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, பின்னர் கன்ட்ரோல் வி, அதன்பின் என்டர் என்று வழிகாட்டும் போலிச் சோதனை. பக்கம் முன்னதாகவே ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். அதை ஒட்டி இயக்குவது உங்கள் விரல்தான் என்பதால், உலாவியின் பாதுகாப்பு பெரும்பாலும் பயன்படாது. எந்த உண்மையான தளமும் சரிபார்ப்புக்காக இப்படிக் கேட்பதில்லை.

திரை முழுவதையும் மறைத்து, அலறல் ஒலியுடன் ‘வைரஸ் தாக்கிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வந்தால் அழைக்காதீர்கள். அது வெறும் பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று அது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கட்டளையை ஒட்டிவிட்டவர்கள் உடனே இணையத்தைத் துண்டித்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே நடக்கும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை நடத்த வேண்டும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஏற்கெனவே திருடப்பட்டிருக்கலாம் என்பதால், வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். பணம் போயிருந்தால், வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அன்றே அழையுங்கள். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் அது திரும்பக் கிடைக்க வழியுண்டு.