பிளவுப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே வழி பிடிப்பது: என் அனுபவம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எஸ்கலான்டே பக்கம், பாறைக்குள் குறுகலாக ஆழ்ந்திருக்கும் பிளவுப் பள்ளத்தாக்குகளில் கயிற்றில் இறங்குவதைவிட, ஒரு பிளவிலிருந்து மேலேறி அடுத்த பிளவு தொடங்கும் இடத்துக்குப் போவதுதான் பெரிய தலைவலி. வரைபடத்தில் நடக்கலாம் போலிருக்கும். நேரில் சுவர் மறிக்கும். 1:24,000 வரைபடங்களில் அங்கே சமஉயரக் கோடுகளுக்கு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடையிலான உயர வித்தியாசம் பெரும்பாலும் 40 அடி. 30 அடிச் செங்குத்து இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது செயற்கைக்கோள் படத்தில் விழும் நிழலை. விளிம்பையொட்டிக் கறுப்புக்கோடு அறுபடாமல் ஓடினால் சுவர். கோடு அறுந்து, அந்த இடத்தில் புதர்கள் சாய்வாக வரிசை கட்டியிருந்தால், மண் தங்குகிற சரிவு. ஏற வழி இருக்கலாம். வெயில் திசை மாறிய இரண்டு படங்களாவது வேண்டும்.

ஓடைத்தடத்தை நம்பி இறங்கினால் வறண்ட அருவி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். பாறை முதுகிலேயே போங்கள், சுற்றுதான், ஆனால் முன்னால் இருப்பது தெரியும். மொட்டைப் பாறையில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். நாலடி ஏறியதுமே திரும்பி இறங்கிப் பாருங்கள். மணல் துகள் படிந்திருந்தால் காலணி பிடிக்காது.

பிளவுக்குள்ளே சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறிப்பதால் ஜிபிஎஸ் தடுமாறும். வெளியேறும் இடத்தை விளிம்பில் நிற்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.