மின்னூட்டப் பங்கீட்டை மல்டிமீட்டரில் பார்ப்பது எப்படி?

மின்னூட்டம் ஏற்றிய ஒன்றை ஏற்றாத இன்னொன்றோடு இணைத்தால் மின்னூட்டம் இரண்டுக்கும் பிரிவதே மின்னூட்டப் பங்கீடு. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் உலோகக் கோளங்களில் ஏற்றிய மின்னூட்டம் தாங்கியின் ஈரப்படலம் வழியே சீக்கிரம் கசிந்துவிடும். மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் (மின்தேக்கியில்) செய்வதே மேல். மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் (பிளஸ், மைனஸ் கால்கள் உள்ள) கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரடில் ஒன்று, 470-இல் ஒன்று வாங்குங்கள்.

ஒவ்வொன்றின் கால்களையும் 1 கிலோஓம் ரெசிஸ்டரால் பத்து நொடி இணைத்துக் காலியாக்குங்கள். பெரியதை 9 வோல்ட் பேட்டரியில் ஏற்றி, பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேருங்கள்.

சேர்த்த கால்களில் மீட்டரை வைத்தால் 6.1 வோல்ட் அருகே காட்டும்: 9 × 1000 ÷ 1470. சமமாவது மின்னழுத்தம்தான், மின்னூட்டம் அல்ல, பெரியதில் 6.1 மில்லிகூலும், சிறியதில் 2.9. இந்த இடத்தில்தான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

சற்று விலகினால் பதற வேண்டாம். இவ்வகைக் கெப்பாசிட்டரின் மதிப்பே பொதுவாக 20 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும். அளவு நிற்காமல் வேகமாக இறங்கினால் சிறியதைத் துருவம் மாற்றி இணைத்திருக்கலாம், உடனே பிரித்துவிடுங்கள்.