ரக்பி லீக் பார்க்கப் போகிறீர்களா? எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி என்றாலே நம்மவர்களுக்குக் கிரிக்கெட்தான். லீட்ஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான். எங்கள் வார்டு போர்ட்டர் ஒருநாள் "வெள்ளிக்கிழமை ரக்பிக்கு வா" என்று கூப்பிட்டார். நான் நேராகப் போய் நின்றது கிரிக்கெட் மைதானத்து வாசலில். அங்கே இரண்டு மைதானங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் இருக்கும் வடக்கு ஸ்டாண்டுக்கு இரண்டு முகம்: ஒரு பக்கம் டெஸ்ட் மேட்ச், மறு பக்கம் லீட்ஸ் ரைனோஸ் ரக்பி அணி. "அந்தப் பக்கம் சுத்திப் போகணும், லவ்" என்றார் காவலுக்கு நின்றவர். யார்க்‌ஷயரில் எல்லோரும் எல்லோருக்கும் லவ்தான், பதறவேண்டாம்.

அந்த போர்ட்டர் காஸில்ஃபோர்ட்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. எனக்குத் தெரிந்த ரக்பி எல்லாம் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று கற்றதுதான். அதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டிவியில் சிக்ஸ் நேஷன்ஸ் பார்த்துவிட்டு இதுவும் அதுதானே என்று வராதீர்கள். அது யூனியன், பக்கத்துக்கு 15 பேர். இது லீக், 13 பேர். சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத்திலும் மில்லிலும் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டக் கூடாது என்று லண்டன் பெரிய மனிதர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். வடக்கத்திய கிளப்புகள் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, தனியாகப் பிரிந்து வந்துவிட்டன. இங்கிலாந்தில் லீக் மைதானங்கள் பெரும்பாலும் வடக்கே ஓடும் எம் 62 நெடுஞ்சாலையை ஒட்டியே ஏன் இருக்கின்றன என்று கேட்டால் பதில் இதுதான். சுரங்கமும் மில்லும் துறைமுகமும் இருந்த ஊர்கள் அவை.

சரி, மேட்சுக்கு வருவோம். முதல்நாள் நான் செய்த தப்பு, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் ஆகியும் ஒன்றும் புரியவில்லை. ஆள் ஓடுகிறார், மூன்று பேர் விழுத்தாட்டுகிறார்கள், மறுபடி ஓடுகிறார். கபடி பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பிடி பிடித்திருந்தது; ஆட்டம்தான் பிடிபடவில்லை. போர்ட்டர் என் காதருகே குனிந்து, "பந்தை விடு. எண்ணு" என்றார்.

எண்ண வேண்டியது ஆறு. பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவதுதான் டேக்கிள்; ஒரு அணிக்கு ஆறு டேக்கிள். அதற்குள் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, நாலு பாயின்ட். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். டெரஸில், அதாவது நின்று பார்க்கும் படிகளில், பழைய ஆட்களின் உதட்டைக் கவனித்தால் தெரியும், தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நாலு வந்ததும் கூட்டம் கொஞ்சம் அமைதியாகும். ஐந்தில் கழுத்துகள் நீளும். ட்ரைக்குப் பின் கோல் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 2, பெனால்டி 2, ஆட்டத்துக்கு நடுவே பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைக்கும் டிராப் கோல் 1. பாதிக்கு 40 நிமிஷம். தொடங்குவதற்கு இந்தக் கணக்குப் போதும்.

எண்ணப் பழகிய பிறகு, ஒரே ஒரு இடத்தில் கண்ணை வையுங்கள். டேக்கிள் ஆனவர் எழுந்து நிற்பார், பந்தைத் தரையில் வைப்பார், காலால் பின்னுக்கு உருட்டுவார். பின்னால் குனிந்து நிற்பவர் அதை எடுத்து வீசுவார். இதற்குப் பெயர் ப்ளே த பால். பார்க்க ஒன்றுமில்லை போல இருக்கும். மேட்சின் விதி அங்கேதான். அந்த நேரத்தில் தடுக்கும் அணியில் எதிரே நிற்கும் இருவரைத் தவிர மற்றவர்கள் 10 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். விழுந்தவர் சட்டென்று எழுந்துவிட்டால் அவர்கள் இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருப்பார்கள், குதிகால் ஊன்றாமல், உடல் பின்னால் சாய்ந்தபடி. அடுத்து ஓடி வருபவருக்கு அது திறந்த கதவு. அதனால்தான் விழுத்தியவர்கள் அவர் மேலேயே கிடப்பார்கள். ஒருவர் காலைப் பிடித்திருப்பார், ஒருவர் நெஞ்சில் முழங்கையை ஊன்றி எழுவதுபோல் எழாமல் இருப்பார், மூன்றாமவர் உலகத்தில் அவசரமே இல்லாதவர் போல மெதுவாக உருண்டு விலகுவார். அரை விநாடி, ஒரு விநாடி திருட்டு. அளவுக்கு மீறினால் நடுவர் எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுவார், அல்லது பெனால்டி.

இது புரிந்துவிட்டால் டெரஸில் கேட்கும் கத்தல்களும் புரியும். "கெர்ரெம் ஆன்சைட்!" என்பது எல்லா மைதானத்துக்கும் பொதுவான மந்திரம்: அவனுங்களைப் பத்து மீட்டர் பின்னால் அனுப்பு என்று நடுவருக்குச் சொல்கிறார்கள். அடுத்தது "ஃபார்வர்ட்!" பந்தைக் கையால் முன்னால் வீசக் கூடாது, பின்னுக்குத்தான் வீசலாம்; எதிரணி வீசினால் அது எப்போதுமே முன்னால்தான் போகும், கண் எப்படியிருந்தாலும். நான் முதல்முறை தைரியம் வந்து தொண்டை கிழிய "ஃபார்வர்ட்!" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது நம்ம பசங்க, லவ்" என்றார் போர்ட்டர்.

எங்கே நிற்பது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. முதல்முறை போகிறவர்கள் சீட் வாங்காதீர்கள், நின்று பாருங்கள். பழைய மைதானம் ஒன்றில் நல்ல இடம் என்று கூடுதல் பணம் கொடுத்து உட்கார்ந்தேன். முன்னால் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண். ஒரு கோல் கம்பத்தை நான் பார்க்கவேயில்லை. நிற்கிற டிக்கெட் மலிவும்கூட, தூண் வந்தால் இரண்டு அடி நகர்ந்துகொள்ளலாம். ஹெடிங்லியில் தெற்கு ஸ்டாண்டில் நின்றால் ஆட்டம் பக்கவாட்டில் ஓடும். இரண்டு ஆள் மோதும் சத்தம், மூச்சு வெளியேறும் சத்தம் வரை கேட்கும். மேற்கு டெரஸ் கோல் கம்பத்துக்குப் பின்னால். அங்கே கொஞ்சம் மேல்படியில் நின்றால் தடுப்பு வரிசை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி விரிந்து தெரியும், எங்கே ஓட்டை விழுகிறது என்பதை ஓடுகிறவருக்கு முன்பே நீங்கள் பார்த்துவிடலாம். என் ஓட்டு மேற்குக்கு. சத்தத்துக்காகப் போகிறவர்கள் தெற்குக்குப் போகட்டும்.

எதிரணிக்காரர்கள் எங்கே நிற்பார்கள் என்று பயப்படாதீர்கள். கால்பந்து போல வேலி போட்டுப் பிரிப்பது இங்கே வழக்கமில்லை. பக்கத்திலேயே நிற்பார்கள், கையில் பீரோடு. கால்பந்தில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் பீர் குடிக்கச் சட்டம் விடாது, இங்கே அந்தத் தடை இல்லை. பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள், நடுவரைப் பேரப்பிள்ளைகள் கேட்கக் கூடாத மாதிரி திட்டுவார்கள்.

உடை விஷயம். லீக்கின் முதல்தரப் போட்டியான சூப்பர் லீக் 1996இல் தொடங்கியபோது கோடைக்கால ஆட்டம் என்று மாற்றினார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள், சீசன் பிப்ரவரியிலேயே தொடங்குகிறது. பிப்ரவரி வெள்ளி இரவில் குளிர் மேலிருந்து வராது, கான்கிரீட்டிலிருந்து காலுக்கு ஏறும். இரண்டு ஜோடி சாக்ஸ். போர்ட்டர் ஒரு செய்தித்தாளை நாலாக மடித்துக் காலுக்கடியில் போட்டு நிற்பார். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது. குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். தொப்பி போதும்.

ஹல் நகருக்குப் போவதானால் மட்டும் சட்டை நிறத்தைப் பார்த்துப் போடுங்கள். ஊரை ஹல் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே சிவப்பு வெள்ளை, ஹல் கே.ஆர்.; மேற்கே கறுப்பு வெள்ளை, ஹல் எஃப்.சி. சம்பந்தம் பேசும்போதே எந்தக் கரை என்று கேட்பார்கள் போல. இரண்டு கரையும் தன்னவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் கிளைவ் சல்லிவன். இரண்டு கிளப்புக்கும் ஆடியவர், 1972இல் பிரிட்டன் உலகக் கோப்பை வென்றபோது கேப்டன், பிரிட்டனின் தேசிய விளையாட்டு அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர். மேற்கிலிருந்து காரில் ஊருக்குள் நுழையும் பெரிய சாலைக்கே அவர் பெயர்.

காஸில்ஃபோர்டின் வெல்டன் ரோடு மைதானம் இடியும் முன் ஒருமுறை போய் வாருங்கள் என்று போர்ட்டரே சொல்வார், அவருக்குத்தான் அப்படிச் சொல்ல உரிமை. 1920களில் கட்டியது. தாழ்ந்த கூரை, ஆடுகளத்துக்கு அவ்வளவு பக்கம், பந்து நம் பக்கம் வந்தால் தாவிப் பிடித்துக் கொடுக்கலாம். இப்படிப்பட்டவை குறைந்துகொண்டே வருகின்றன. விகனின் பழைய சென்ட்ரல் பார்க் இருந்த இடத்தில் இன்று டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்.

அப்புறம் ஒன்று: பஸ் போய்விடும் என்று ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பாதீர்கள். 1968, லண்டன் வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டி. புயல்மழை, புல்வெளி முழுக்கத் தண்ணீர். லீட்ஸ் 11, வேக்ஃபீல்ட் 10. கடைசி நிமிஷத்தில் வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ் கோல் கம்பத்துக்கு நேர் எதிரே நின்று உதைக்க வேண்டும். உள்ளே போனால் கோப்பை. சறுக்கிவிட்டார். அன்றைய ஆட்டநாயகன் விருது ஏற்கெனவே அவருக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. போர்ட்டரின் அப்பா நேரில் பார்த்தவர். மழை பெய்தால் போர்ட்டர் இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். 2025இல் அதே வெம்ப்ளியில் தலைகீழ்: வாரிங்டனிடம் தோற்றுக்கொண்டிருந்த ஹல் கே.ஆர். கடைசி நிமிடங்களில் ட்ரை போட்டது, மைக்கி லூயிஸ் உதைத்தது உள்ளே போனது, 8க்கு 6. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு பெரிய கோப்பை.

முடிந்தால் பிராட்ஃபோர்டின் ஒட்சலையும் பாருங்கள். ஊருக்குத் தெற்கே தரையில் தோண்டிய பெரிய சட்டி மாதிரி மைதானம். 1954இல் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மறு இறுதிப்போட்டி ஆடியபோது அங்கே 1,02,569 பேர் நின்றார்கள் என்பது கணக்கு. டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தவர்கள் தனி. வாசல் மேலே, ஆடுகளம் அடியில். போகும்போது படி இறங்கிக்கொண்டே இருப்பீர்கள், ஜோராக இருக்கும். மேட்ச் முடிந்து அத்தனை படியும் ஏற வேண்டும். பாதி வழியில் பெரியவர்கள் நின்று, ஸ்கோர் போர்டைத் திரும்பிப் பார்ப்பதுபோல் பார்த்து, மூச்சு வாங்கிக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.