டர்போ காரில் எத்தனால்: பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை மாற்றும் முறை

ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கும் காற்றில் எத்தனாலை எரிக்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று தேவை, எத்தனாலுக்கு 9 கிலோ போதும். டர்போ காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடாக எரிபொருள் வந்து சேராவிட்டால் கலவை லீனாகி (எரிபொருள் குறைந்து காற்று மிகுந்து), முழு பூஸ்ட்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தில்) சில நொடிகளிலேயே பிஸ்டன் உருகிவிடும். அதனால் இந்த விளக்கத்தின் பெரும்பகுதி டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரையுள்ள வழியைப் பற்றியது. ட்யூனிங் கடைசியில் வரும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? எத்தனாலின் ஆக்டேன் எண் 108 அளவில் இருக்கிறது. ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கிறது. கத்திரி வெயிலில் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொதித்துப்போன காருக்கு இது பெரிய உதவி. நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிப்பது) இல்லாமல் ஸ்பார்க் டைமிங்கையும் பூஸ்ட்டையும் கூட்டலாம்.

கார் ஏற்றதா என்று பாருங்கள்

இங்கே சொல்வது, சிலிண்டருக்கு வெளியே காற்றுக் குழாயில் எரிபொருளைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்ஷன் டர்போக்களுக்கு: ஃபியட் லினியா டி-ஜெட், அபார்த் புன்டோ, டாடாவின் 1.2 ரெவோட்ரான் போன்றவை. டிஎஸ்ஐ, பூஸ்டர்ஜெட் மாதிரியான, சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட்டால் ஓடும் ஹை பிரஷர் பம்ப்பே எல்லை. டேங்க் பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்தக் கார்களில் எத்தனால் 30 சதவீதத்தைத் தாண்டும் முன் ஹை பிரஷர் பம்ப்பின் அழுத்தத்தை லாக் (பதிவு) எடுத்துப் பார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்ற அனுமதி வேண்டும். இன்சூரன்ஸ், வாரண்டி இரண்டும் கேள்விக்குள்ளாகும். ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எரிபொருளும் கலவையும்

பங்க்கில் இப்போது கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2024 மார்ச்சில் எத்தனால் 100 என்ற எரிபொருள் ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளில் அறிமுகமானது, தமிழ்நாடும் அதில் ஒன்று. பெயரில் 100 என்று இருந்தாலும் அதில் எத்தனால் 93 சதவீதம், மீதி பெட்ரோலும் கோ-சால்வென்டும். மணலி ரிஃபைனரியும் தண்டையார்பேட்டை டெர்மினலும் பக்கத்தில் இருக்கின்றன என்பதால் வடசென்னைப் பங்க் எல்லாவற்றிலும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

டிரம்மில் ஆல்கஹால் வாங்கி ஊற்றும் எண்ணமே வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதி தேவை. தவிர, அதில் மெத்தனால் கலந்திருந்தால் அலுமினியத்தை அரிக்கும், ஆவியை சுவாசிப்பவரின் கண்ணையும் உயிரையும் கெடுக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை 50 சதவீதக் கலவை. நாக்கிங் தடுக்கும் பலனில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது, எரிபொருள் தேவை 20 சதவீத அளவிலேயே கூடுகிறது. 40 லிட்டர் டேங்க்குக்கு எத்தனால் 100 பதினாறரை லிட்டர், இ20 இருபத்துமூன்றரை லிட்டர். பாகங்களை மட்டும் முழு எத்தனாலுக்கே கணக்கிட்டு வாங்குங்கள். பங்க்கில் கலவை மாறினாலும் சிஸ்டம் திணறாது.

கலவையை வீட்டிலேயே சோதிக்கலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 50 மில்லி தண்ணீர், 50 மில்லி எரிபொருள் ஊற்றிக் குலுக்கி, பத்து நிமிடம் நிற்க வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 75 மில்லி வரை வந்தால் 25 மில்லி எத்தனால், அதாவது 50 சதவீதம். இரண்டு, மூன்று சதவீதம் குறைத்துக் காட்டலாம். பெட்ரோல் பட்ட குழாயைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கணக்கு

நான்கு சிலிண்டர், 200 எச்பி இலக்கு, 1.2 பார் பூஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். டர்போ எஞ்சினில் முழு எத்தனாலுக்கு ஒரு எச்பிக்கு நிமிடத்துக்கு 8.5 மில்லி என்று எடுத்தால் மொத்தம் 1,700 மில்லி. நான்கால் வகுத்தால் 425. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது, ஆகவே 425-ஐ 0.85-ஆல் வகுத்தால் 500. கடையில் கேட்க வேண்டியது 550 சிசி (நிமிடத்துக்கு 550 மில்லி) இன்ஜெக்டர். 1,000 சிசி வாங்கி மாட்டினால் ஐடிலில் கட்டுப்படுத்துவது கடினம்.

பம்ப்புக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர் என்றால் மணிக்கு 102 லிட்டர். கால் பங்கு கூடுதலாக வைத்து 130 லிட்டர், அதுவும் 4.2 பார் அழுத்தத்தில், அதாவது 3 பார் அடிப்படையும் 1.2 பார் பூஸ்ட்டும் சேர்த்து. பெட்டியில் போட்டிருக்கும் 255 லிட்டர் என்ற எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அழுத்தம் ஏற ஏற, வோல்டேஜ் இறங்க இறங்க, அந்த எண் குறைந்துகொண்டே போகும்.

பம்ப்பும் வயரும்

எத்தனால் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரணப் பம்ப் மோட்டாரின் செம்புக் கம்யூட்டேட்டரை அது அரித்துவிடும். வால்ப்ரோ 255-இன் பெட்ரோல் மாடலும், ஏஇஎம் 50-1000-மும் இதற்கு ஆகாது. ஏஇஎம் 50-1200 அல்லது வால்ப்ரோ 450-இன் இ85 (85 சதவீத எத்தனால்) மாடல் பொருந்தும். 200 எச்பிக்கு முதலாவதே தாராளம்.

டேங்கின் உள்ளே மூழ்கியிருக்கும் சிறு ஹோஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளியில் பயன்படும் ஜே30ஆர்9 ஹோஸ் எரிபொருளில் மூழ்கிக் கிடந்தால் அதன் வெளிப்புற ரப்பர் ஊறி உரியும். உள்ளே ஜே30ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ் மட்டும். கிளிப்பும் ஓரம் மடிந்த இன்ஜெக்ஷன் வகையாக இருக்கட்டும். இந்த ஹோஸ் வெடித்தால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், ரயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பிரித்துத் தரும் குழாயில்) அழுத்தம் இருக்காது.

வயரை யாரும் கவனிப்பதில்லை. கம்பெனி வயர் 1 சதுர மில்லிமீட்டர் என்றால், 5 மீட்டர் நீளத்தில் 12 ஆம்பியர் போகும்போது ஒரு வோல்ட் காணாமல் போகும். பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 25 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே. பழைய பம்ப் வயரை ரிலேயின் காயிலுக்குக் கொடுங்கள். எஞ்சின் நின்றால் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பம்ப்பை நிறுத்தும் பாதுகாப்பு அப்படியே இருக்கும். எர்த் வயரும் அதே தடிமனில், பெயின்ட் சுரண்டிய பாடியில். ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் நிற்கும் வண்டியில் கடல் உப்புக்காற்று ரிலேக் காலைச் சில மாதங்களில் பச்சையாக்கிவிடும். சீல் போட்ட ரிலே வாங்கி, டயலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருக்களில் ஓட்டுகிறவர்கள் ரிலேயைச் சீட்டுக்குக் கீழே வைக்காமல் உயரத்தில் பொருத்துங்கள்.

லைன், ஃபில்டர், ரெகுலேட்டர்

மாதவரத்திலும் திருவொற்றியூரிலும் லாரிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைகள் உண்டு. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த ஹோஸின் உட்புறம் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். எத்தனாலில் அது ஊறி, துகள் உதிர்ந்து, இன்ஜெக்டரை அடைக்கும். கேட்க வேண்டியது ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ், ஏஎன்-6 அளவு. அதிலும் கார்பன் கலந்த கறுப்பு உட்புறம் கொண்டது. வெள்ளை டெஃப்லானில் எரிபொருள் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து, நாளடைவில் ஊசித்துளை விழும். ஓரிங் எல்லாம் ‘விட்டான்’ (Viton) ரப்பர். ஃபிட்டிங் அனோடைஸ் செய்த அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ். துத்தநாகப் பூச்சுள்ளவை வேண்டாம்.

பம்ப்புக்கும் ரயிலுக்கும் நடுவில் 10 மைக்ரான் ஃபில்டர், மைக்ரோகிளாஸ் வகை. காகித ஃபில்டர் எத்தனாலில் ஊறி ஓட்டத்தைத் தடுக்கும். எத்தனால் பழைய டேங்கின் அழுக்கையெல்லாம் கரைத்துக் கொண்டுவருவதால் முதல் ஃபில்டரை 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் கார்களில் ரயில் அழுத்தம் நிலையாக, உதாரணமாக 3.5 பாரில் இருக்கும். 1.2 பார் பூஸ்ட் ஏறும்போது இன்ஜெக்டரின் இரு பக்க வித்தியாசம் 2.3 பாராகக் குறைகிறது. ஓட்டம் அந்த விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 19 சதவீதம் போய்விடும். 550 சிசி இன்ஜெக்டர் 445 ஆகிவிடுகிறது. ரயிலின் மறுமுனையில் மேனிஃபோல்டோடு (காற்று உள்ளே போகும் குழாயோடு) இணைந்த ரெகுலேட்டரை மாட்டி, டேங்குக்குத் திரும்பும் லைன் ஒன்று போடுங்கள். வேக்யூம் குழாயைக் கழற்றி, ஐடிலில் 3 பாருக்குத் திருகி, திரும்ப மாட்டுங்கள். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அழுத்தமும் ஏறும்.

ஓட்டச் சோதனை

இதைத் தவிர்த்துவிட்டுப் பூஸ்ட் ஏற்றவே கூடாது. திறந்தவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எத்தனால் தீயின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, சூடு பட்ட பிறகுதான் தெரியவரும்.

இந்தச் சோதனை டேங்கில் இ20 இருக்கும்போதே நடக்கட்டும். பேட்டரி சார்ஜரை முன்பக்கம் முதலிலேயே மாட்டி 13.5 வோல்ட்டில் வையுங்கள். திரும்பும் லைனை ஒரு உலோகக் கேனில் விட்டு, கேனைக் காரின் பாடியோடு ஒரு வயரால் இணையுங்கள். எஞ்சின் அணைந்திருக்க, ரெகுலேட்டரைத் தற்காலிகமாக 4.2 பாருக்குத் திருகி, பம்ப்பைச் சரியாக 30 நொடி ஓட்டுங்கள். கேனை எடை போட்டுப் பாருங்கள். மணிக்கு 130 லிட்டர் என்றால் 30 நொடியில் 1.08 லிட்டர், இ20 எடையில் ஏறக்குறைய 810 கிராம். அதற்குக் குறைந்தால் முதலில் பம்ப்பின் காலிலேயே வோல்டேஜை அளந்து பாருங்கள், பிறகு ஃபில்டர், பிறகு டேங்குக்குள் உள்ள ஹோஸ். சோதனை முடிந்ததும் ரெகுலேட்டரை 3 பாருக்குத் திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

சென்சாரும் ட்யூனிங்கும்

பங்க்குக்குப் பங்க் கலவை மாறுவதால் எத்தனால் அளவைக் காட்டும் ஃப்ளெக்ஸ் ஃபியூல் சென்சாரைத் திரும்பும் லைனில் பொருத்துங்கள். கான்டினென்டல் சென்சார் 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை தரும். வரும் எண்ணில் 50-ஐக் கழித்தால் எத்தனால் சதவீதம். 180-ஐத் தாண்டினால் தண்ணீர் அல்லது கலப்படம், வண்டியை ஓட்ட வேண்டாம்.

இசியுவில் புதிய இன்ஜெக்டரின் ஓட்டமும் டெட் டைமும் (மின்சாரம் வந்தபின் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம்) முதலில். கலவையை லாம்டாவில் படியுங்கள்; சரியான விகிதம் 1, அதற்குக் கீழே என்றால் எரிபொருள் கூடுதல். எத்தனாலில் 14.7 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை, முழு பூஸ்ட்டில் 0.80 அளவு லாம்டா எந்தக் கலவைக்கும் பாதுகாப்பான தொடக்கம். பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.65 மில்லிமீட்டர். எஞ்சின் ஆயிலை 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள், எரியாத எத்தனால் ஆயிலில் இறங்கும். பூஸ்ட்டை டைனோவில் (வண்டியை நின்ற இடத்தில் ஓட்டி அளக்கும் இயந்திரத்தில்) 0.2 பார் படிகளாக ஏற்றுங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே இந்தச் சோதனையைச் செய்வது உயிரோடு விளையாடுவது. ரயில் அழுத்தத்தை லாக் செய்துகொண்டே இருங்கள். பூஸ்ட்டைக் கழித்த வித்தியாசம் 3 பாரிலிருந்து 2.8-க்கு இறங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

பிறகு வரும் தொல்லைகள்

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் பம்ப்பின் செக் வால்வு கசிந்து ரயில் காலியாகியிருக்கலாம். சாவியை இரண்டு முறை ஆன் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் ஸ்டார்ட்டிங் எரிபொருளைக் கூட்ட வேண்டும், எத்தனால் குளிரில் மெதுவாகத்தான் ஆவியாகும். டிராஃபிக்கில் ஐடில் தள்ளாடினால் ரயில் சூடாகிறது என்று பொருள், லைனை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து விலக்கி வெப்ப உறை போடுங்கள்.

சென்னைக் காற்றின் ஈரம் கடைசித் தொல்லை. எத்தனால் அதை இழுத்துக்கொள்ளும். கலவை டேங்கில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் அடியில் பிரிந்து நிற்கும், பம்ப் முதலில் அதைத்தான் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் டேங்கை முக்கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள், மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் எத்தனால் தீரும்வரை ஓட்டி, இ20 நிரப்பி, 20 கிலோமீட்டர் ஓட்டி இன்ஜெக்டர் வரை கழுவிவிட்டு நிறுத்துங்கள்.