லிம்ஃபோசைட் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்தா வெசனப்படறதுக்கு முன்னாடி இதப் படிங்க

எங்க மாமனுக்கு கோபில கண்புரை ஆபரேசனுக்கு முன்னாடி எடுத்த ரத்த டெஸ்ட்டுல வெள்ளையணுவுல ஒரு வகையான லிம்ஃபோசைட் 60 சதவீதம்னு வந்துச்சுங்க, அவ்வளவுதான், பொழுது சாயறதுக்குள்ள ஒறம்பரை பூராம் திண்ணைல வந்து உக்காந்துட்டாங்க. அப்பறம் ஈரோடு, கோயமுத்தூருன்னு பஸ் ஏறி எறங்கி தெரிஞ்சுக்கிட்டத எழுதறேன்.

சதவீதத்த மட்டும் பாத்துட்டு பயப்படாதீங்க. மொத்த வெள்ளையணுவுல கணக்குப் போடுங்க. 6,000ல 60 சதவீதம்னா 3,600, அது நார்மல்தான். மாமனுக்கு மொத்தம் 12,000, அதனால லிம்ஃபோசைட் 7,200, அது ஜாஸ்தி.

அதுவும் ஒரு தடவ ஏறுனா ஒண்ணுமில்ல, வைரஸ் காய்ச்சலுக்கும் ஏறும். சில வாரம் விட்டு மறுக்கா எடுங்க. அப்பவும் எறங்கலீன்னா ரத்த டாக்டர், அதாவது ஹெமட்டாலஜிஸ்ட்கிட்ட போங்க, ஃப்ளோ சைட்டோமெட்ரின்னு ஒரு டெஸ்ட் எழுதுவாரு, கையில எடுக்கற ரத்தமே போதும். பல செல்லு கலந்து பெருகியிருக்கா, இல்ல ஒரே செல்லோட வம்சம் மட்டும் பெருகியிருக்கான்னு அதுல தெரிஞ்சுரும். சென்னிமலைல ஒரே பாவுல ஓட்டுன பெட்சீட்டு எல்லாம் ஒரே டிசைனா வருமில்லீங், அந்த மாதிரி.

அந்த ஒரே வம்சத்து பி செல்லு (லிம்ஃபோசைட்டுல ஒரு வகை) மைக்ரோலிட்டருக்கு 5,000க்குள்ள நின்னு, நெறி கட்டாம, மண்ணீரல் வீங்காம இருந்தா அது எம்.பி.எல்., அதாவது மோனோக்ளோனல் பி செல் லிம்ஃபோசைட்டோசிஸ். இது புத்துநோய் இல்லீங்க, சி.எல்.எல்.ங்கற ரத்தப் புத்துநோய்க்கு முந்துன படி, அதே நோய் நெறியில தங்குனா லிம்ஃபோமாம்பாங்க. 500க்கு கீழன்னா விட்டுட்டு தோட்டத்து சோலியப் பாருங்க. மாமன மாதிரி அதுக்கு மேலன்னா வருசத்துக்கு 100 பேர்ல ஒருத்தரு ரெண்டு பேருக்குத்தான் வைத்தியம் வேண்டி வருது.

மொதல்ல போன எடத்துல சிடி ஸ்கேன், எலும்பு மஜ்ஜை எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்க, நல்லவேளை எடுக்கல. ஆள் நல்லாருந்தா அதெல்லாம் வேண்டாம்னுட்டாரு ரத்த டாக்டர். ஆனா எம்.பி.எல். இருக்கறவங்களுக்கு தொத்து சீக்கிரம் புடிக்கும்ங்கறதால ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போடச் சொன்னாரு, இத நெறைய பேரு கேக்கறதே இல்ல.

கழுத்துலயோ அக்குள்லயோ நெறி பெருசாயிட்டே போனாலோ, ராத்திரி துணி நனையற அளவு வேர்த்தாலோ, காரணமில்லாம எடை கொறஞ்சாலோ, காய்ச்சல் விடாம அடிச்சாலோ உடனே போயிருங்க, டிபிக்கும் இப்படி வரும், எதுவா இருந்தாலும் பாத்தாகணும்.

மத்தபடி வருசம் ஒரு சிபிசி, அதாவது ரத்த அணு எண்ணற டெஸ்ட், டாக்டர் கையால ஒரு செக்கப். மாமன் பாரியூர் குண்டம் நோம்பி முடிஞ்ச வாரம் எடுத்துருவாரு, பழைய ரிப்போர்ட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டு பீரோல வச்சிருக்காரு.