சம்பளத்துண்டு ஆறு

பொங்கலுக்கு ஊருக்கு வந்த மறுநாளே அடுத்த லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பெரியம்மா வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகளும் என்னைப் போலக் கல்யாணம் முடித்து இங்கிலாந்து போனவள். அவளுக்கும் விசா நீடிக்கும் நேரம் நெருங்குகிறது. "எவ்வளவு காசு காட்டணும் மகள்? இங்கயிருந்து ஏதாவது புரட்டி அனுப்பவா?" என்றார்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து போன பிள்ளைகளின் வீடுகளில் முதலில் கேட்பது இதைத்தான். என் விசாவை 2025 செப்டம்பரில் நீடித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அங்கே காட்டச் சொல்வது பெட்டியில் இருக்கும் பணத்தை அல்ல, மாதா மாதம் வரும் சம்பளத்தை. அதுவும் வேலையிடத்தில் தரும் சம்பளத்துண்டும் வங்கிக் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

முதலில் உங்களுக்கு எந்தத் தொகை என்று பாருங்கள். கணவன் அல்லது மனைவி விசாவுக்கு 2024 ஏப்ரல் 11க்கு முன்பே விண்ணப்பித்து, அதே துணையோடு நீடிப்பவர் என்றால் வருடத்துக்கு 18,600 பவுண் போதும். பிரித்தானியக் குடியுரிமை இல்லாத பிள்ளை கூட இருந்தால் முதல் பிள்ளைக்கு 3,800, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400 கூடும். அந்தத் தேதியிலிருந்து முதல் விண்ணப்பம் போட்டவர்களுக்கு 29,000 பவுண். பிள்ளைகளுக்கென்று தனியாகத் தொகை ஏறாது. நான் 18,600 கூட்டம், பெரியம்மாவின் மகள் 29,000 கூட்டம். என் கணக்கைப் பார்த்து அவள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதால்தான் இதை முதலில் சொன்னேன்.

இவையெல்லாம் வரி, பென்ஷன் கழிப்பதற்கு முந்தைய தொகை. வங்கிக்கு வந்து விழும் தொகையைப் பார்த்துப் பயந்து போனவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு வாரம் தூங்கவில்லை.

முதல் தடவை விசா எடுக்கும்போது கணவரின் வருமானத்தை மட்டும்தான் பார்த்தார்கள். நீடிக்கும்போது, அங்கே சட்டப்படி வேலை செய்கிறவள் என்றால் நம் சம்பளமும் சேரும். எனக்கு இதுதான் கைகொடுத்தது. அவருடைய கிடங்கு வேலை அந்த வருடம் சித்திரையில் போய், மே மாதம்தான் வேறு இடம் கிடைத்தது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் ஆகாவிட்டால், முந்தைய பன்னிரண்டு மாத வருமானத்தையும் சேர்த்துக் காட்டுகிற வேறு வழிக்குப் போகவேண்டும். அதில் காகிதம் இரட்டிப்பு. அதனால் அவர் துண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு என்னுடையதை மட்டும் வைத்தே விண்ணப்பித்தோம்.

நான் முதியோர் இல்லத்தில் மணிக்கூலிக்கு வேலை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை என் துண்டுகளில் இருந்தவை 1,612, 1,488, 1,655, 1,540, 1,703, 1,574. கூட்டினால் 9,572. ஆறால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் 19,144. தப்பித்தேன். மணிக்கூலிக்கு இப்படிச் சராசரி பார்ப்பார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அப்படியில்லை, ஆறு மாதத்தில் எது குறைந்த மட்டமோ அதை வைத்துத்தான் வருடக் கணக்கு. என் ஏப்ரல் மாதத்தை அப்படிப் பார்த்திருந்தால் 17,856தான் வந்திருக்கும், ஆள் அவுட்.

அம்மாவுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர் (முழு நாள் கூலி), குறைந்தால் அரைப்பேர் (பாதிக் கூலி). "அப்ப மாசச் சம்பளக்காரனுக்கு ஒரு மாசம் அரைப்பேர் விழுந்தா ஆறு மாசமும் அரைப்பேரா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். ஆகவே கணவர் மாதச் சம்பளக்காரர் என்றால், அந்த ஆறு மாதத்துக்குள் சம்பளமில்லா விடுமுறை எடுக்க விடாதீர்கள். மச்சானின் கல்யாணமாக இருந்தாலும் சரி.

காகிதங்களுக்கு வருவோம். ஆறு மாதத் துண்டு, அதே மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், வேலையிடத்துக் கடிதம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துண்டில் கடைசி வரியில் இருக்கும் கைக்கு வரும் தொகை வங்கியில் சதம் பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போடுங்கள். முதியோர் இல்லத்துக்கு முன் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தேன். வேலை செய்த மணித்தியாலத்தில் பாதி துண்டில், மீதி கையில் காசாக. கையில் வாங்கிய காசுக்கு என்ன சாட்சி? அந்த மாதங்களை நான் எண்ணவே இல்லை. அந்தக் கடை வேலையை விட்டது கொஞ்சம் முன்னாடியே நடந்திருக்க வேண்டும், அதுதான் குறை.

கடிதத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். என்ன வேலை, வருடச் சம்பளம் எவ்வளவு, எவ்வளவு காலமாக வேலை செய்கிறார், இந்தச் சம்பளத்தை எப்போதிருந்து வாங்குகிறார், நிரந்தரமா ஒப்பந்தமா. (எண்ணிப் பார்த்தால் ஐந்து. முதல் இரண்டையும் ஒரே வரியில் எழுதுவார்கள்.) என் மேலாளர் முதலில் தந்த கடிதத்தில் மணிக்கூலி மட்டும்தான் இருந்தது. திருத்தி வாங்க ஒன்பது நாள் போனது. கடைசித் தேதியுள்ள காகிதம் விண்ணப்பத் தேதிக்கு முன் 28 நாளுக்குள் இருக்கும்படி பார்த்து வைக்க வேண்டும் என்பதால் அந்த ஒன்பது நாளும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாதிரிக் கடிதம் ஒன்றை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், கோபிக்கமாட்டார்கள்.

சரி, பெரியம்மா கேட்ட சேமிப்புப் பணம். சம்பளம் குறைந்தால் சேமிப்பைச் சேர்க்கலாம்தான், ஆனால் முதல் 16,000 பவுணைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். அதற்கு மேல், குறையும் தொகையைப் போல இரண்டரை மடங்கு வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண். அந்தக் கூலிக்குப் பெரியம்மாவின் மருமகன் வாரம் முப்பத்தேழரை மணித்தியாலம் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 23,800. 29,000க்கு 5,200 குறைகிறது. சேமிப்பால் நிரப்பப் போனால் 13,000மும் 16,000மும் சேர்த்து 29,000 பவுண் வைத்திருக்க வேண்டும்! வருடச் சம்பளம் முழுவதையும் சேர்த்து வைத்தமாதிரி. மகள் வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போய் ஆறு மாதத் துண்டு வைத்திருந்தால் அந்த 5,200 வந்துவிடும்.

அப்படியும் சேமிப்பு காட்டியே ஆகவேண்டும் என்றால், பணம் ஆறு மாதம் அவர்கள் பேரில் அசையாமல் இருக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். அப்பாவின் சேமலாப நிதியை (வேலையில் சேர்ந்த ஓய்வுகாலச் சேமிப்பை) மகளுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தால் கணக்கில் எடுப்பார்கள். அடகு வைத்த காசு கடன், அதை எடுக்கமாட்டார்கள். அம்மா என் விசா விஷயம் தொடங்கியதுமே வளையலைக் கழற்றி வைத்துவிட்டார். பவுண் என்றால் அவருக்குத் தங்கம்தான். நான் வேண்டாம் என்று திரும்பப் போடச் சொல்லிவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. இருவர் பேரிலும் ஒரே விலாசத்துக்கு வந்த கடிதங்களைக் காலம் பரவலாகச் சேர்த்து வையுங்கள். ஆங்கிலப் பரீட்சை முதலில் எழுதியதைவிட ஒரு படி மேல், ஏ2. பழைய விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே கால் வைக்காதீர்கள், விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் நான் தீபாவளிக்கு வரவில்லை.

நான் விண்ணப்பித்தபோது கட்டணம் 1,321 பவுண், சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் இரண்டரை வருடத்துக்கு 2,587.50. இரண்டும் ஒரே நாளில் போனது. இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, கடனாக இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே அம்மாவின் வளையல் கடைசியில் ஹட்டன் அடகுக்கடைக்குப் போய்த்தான் வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் நானே போய் மீட்டேன். அடகுச் சீட்டை அம்மா இன்னும் கிழிக்கவில்லை, சம்பளத்துண்டுகள் போட்டு வைக்கிற பிஸ்கட் டின்னில் மடித்து வைத்திருக்கிறார்.